உயிரியல் படிக்காத முதல் தலைமுறை மாணவருக்கு முதுமை ஆய்வில் என்ன வேலை?

கேள்வி இதுதான்: "கணினி அறிவியல் இளநிலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். பாட்டியைப் பல வருடம் பார்த்துக்கொண்டதில் முதுமை பற்றிய ஆராய்ச்சியில் ஆர்வம் வந்தது. இளநிலை மாணவர்களுக்கு வழிகாட்டியோடு ஆய்வுப் பயிற்சி தரும் திட்டம் ஒன்று இருக்கிறது. உயிரியல் படித்தவர்களும் ஆராய்ச்சிச் சூழலில் வளர்ந்தவர்களும் வரும் இடத்தில் நான் போய் என்ன செய்வேன்? அங்கே உண்மையில் என்ன நடக்கும்?"

விண்ணப்பியுங்கள். யோசித்துக்கொண்டே இருந்து கடைசித் தேதியைத் தவறவிட்ட மாணவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். பல வருடமாக இப்படிப்பட்ட பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்கு வழிகாட்டியாக இருக்கிறேன். நீங்கள் குறையாக நினைத்து எழுதியிருக்கிற விஷயங்களில் பெரும்பாலானவை இந்தத் துறைக்குத் தேவையானவை. ஏன் என்று சொல்கிறேன்.

முதுமை எல்லோருக்கும் ஒரே மாதிரி வருவதில்லை. ஆனால் முதுமையைப் பற்றிய நம் அறிவின் பெரும்பகுதி, எளிதில் ஆய்வுக்குக் கிடைத்த ஒரு சில வகை மனிதர்களிடமிருந்து வந்தது. அமெரிக்காவில் பால்டிமோர் நெடுங்கால முதுமை ஆய்வு 1958-இல் தொடங்கியது. ஒரே மனிதர்களை வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப அழைத்துப் பரிசோதிக்கும், மிகவும் மதிக்கப்படும் ஆய்வு அது. அதில் பெண்களைச் சேர்த்தது 1978-இல். இருபது வருடம் ஆண்களை மட்டும் அளந்துவிட்டு, மனிதர்களுக்கு வயதாவது எப்படி என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்களுக்கு ஆயுள் அதிகம் என்பது அப்போதே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி! யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. "இவர்கள் எங்கே?" என்று கேட்கும் ஆள் அந்த அறையில் போதுமான அளவு இல்லை, அவ்வளவுதான்.

அல்சைமர் நோயிலும் இதே கதை உண்டு. ஏபிஓஇ4 என்ற மரபணு வகை இருந்தால் ஆபத்து கூடும் என்று பாடநூல்கள் சொல்லும். ஐரோப்பிய வம்சாவளியினரிடம் அது வலுவாகவே தெரிகிறது. நைஜீரியாவின் இபாதான் நகரத்தில் யோரூபா மக்களையும், அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் வாழும் கறுப்பினத்தவரையும் ஒரே முறையில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, யோரூபா மக்களிடம் அந்தத் தொடர்பு மிகவும் மெலிந்து தெரிந்தது. நோயின் வீதமும் இபாதானில் குறைவாக இருந்தது. ஒரே மரபணு ஏன் ஓரிடத்தில் ஒரு மாதிரியும் இன்னோரிடத்தில் வேறு மாதிரியும் நடந்துகொள்கிறது என்ற கேள்வி இன்னும் முடியவில்லை. இபாதானுக்கு யாரும் போகாமல் இருந்திருந்தால் அந்தக் கேள்வியே பிறந்திருக்காது.

பாட்டியைப் பார்த்துக்கொண்டதை நீங்கள் ஒரு ஓரமாகச் சொல்லியிருக்கிறீர்கள். நான் அதை நடுவில் வைப்பேன். மோக்கா என்று ஒரு சோதனை இருக்கிறது. நினைவும் சிந்தனையும் எப்படி இருக்கின்றன என்று பத்துப் பதினைந்து நிமிடத்தில் பார்க்கும், மொத்தம் 30 மதிப்பெண். கடிகாரம் வரையச் சொல்வார்கள், கனசதுரத்தைப் பார்த்து அப்படியே வரையச் சொல்வார்கள். 12 வருடமோ அதற்குக் குறைவாகவோ படித்தவர் என்றால் ஒரு மதிப்பெண் சேர்த்துக்கொள்வார்கள். யோசித்துப் பாருங்கள்: 12 வருடம் படித்தவருக்கும் அந்த ஒரு மதிப்பெண்தான், பென்சிலே பிடிக்காதவருக்கும் அந்த ஒரு மதிப்பெண்தான். இது சரியில்லை என்று உணர்ந்துதான் பின்னால் பள்ளி அனுபவம் குறைந்தவர்களுக்கென்று அதே சோதனையைத் தனி வடிவில் செய்தார்கள். காது மந்தமான ஒருவர் கேள்வியைச் சரியாகக் கேட்காமல் தப்பாகப் பதில் சொன்னால், தாளில் அது மறதியாகப் பதிவாகிவிடும். வீட்டில் ஒரு முதியவரோடு வருடக்கணக்கில் இருந்தவருக்கு இது உடனே உறைக்கும். என் மாணவி ஒருத்தி முதல் வாரமே, "அவருக்கு மறக்கவில்லை, கேட்கவில்லை; இடது பக்கம் உட்கார்ந்து மறுபடி கேட்கட்டுமா?" என்றாள். அவளும் பாட்டி வளர்த்த பிள்ளைதான். அவளால் எங்கள் நேர்காணல் முறையில் ஒரு வரி மாறியது: கேள்விகளைத் தொடங்கும் முன் எந்தக் காது நன்றாகக் கேட்கும் என்று விசாரிக்க வேண்டும்.

சரி, கணினிக்கு வருவோம். 2013-இல் ஸ்டீவ் ஹோர்வாத் என்ற ஆய்வாளர், உடலின் வயதைக் கணிக்கும் ஒரு 'கடிகாரம்' வெளியிட்டார். டிஎன்ஏ-வின் மேல் மெத்தில் என்ற சின்ன வேதிக் குறிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். வயதாக ஆக சில இடங்களில் கூடும், சில இடங்களில் குறையும். ஏறக்குறைய 8,000 மாதிரிகளின் பொதுத் தரவை எடுத்து, 353 இடங்களை மட்டும் வைத்து ஒருவரின் வயதைக் கணிக்கலாம் என்று காட்டினார். அந்த வேலையில் அவர் கையாண்டது பிறர் சேகரித்துப் பொதுவில் வைத்த தரவும் புள்ளியியலும்தான். உங்களுக்குத் தெரிந்த நேர்கோட்டுப் பின்னடைவின் (லீனியர் ரிக்ரெஷன்), தேவையில்லாத இடங்களைக் கழித்துவிட ஒரு தண்டனைக் காரணி சேர்ந்த வடிவம் அது. அதற்கு அப்புறம் எத்தனையோ கடிகாரங்கள் வந்துவிட்டன. ஒவ்வொன்றிலும் ஒரு இளநிலை மாணவர் கேட்கக்கூடிய நேரான கேள்வி இருக்கிறது: இது யாருடைய இரத்தத்தில் பழகியது, யாரிடம் பிசகுகிறது? ஒரு கோடை முழுக்க உட்கார்ந்து வேலை செய்ய அது போதும். ஆனால் எச்சரிக்கையும் உண்டு. உயிரியல் தெரியாமல் தரவை மட்டும் உருட்டினால், இரத்தத்தில் வெள்ளணு வகைகளின் விகிதம் மாறியதை முதுமை என்று படித்துவிடுவீர்கள். அதனால்தான் உயிரியல் தெரிந்த ஆள் பக்கத்தில் வேண்டும். அவருக்கு நீங்கள் வேண்டும்.

இனி அங்கே என்ன நடக்கும் என்பது. முதல் சில வாரம் சலிப்பாக இருக்கும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பாதுகாப்புப் பயிற்சி, முதியவர்களைச் சந்திக்கும் ஆய்வு என்றால் நெறிமுறைப் பயிற்சி, ஒப்புதல் பெறும் முறை. அப்புறம் கட்டுரை வாசிப்பு. முதல் கட்டுரையில் பாதி புரியாது. பக்கத்தில் இருக்கிற உயிரியல் மாணவருக்கும் பாதி புரியாது, அவர் காட்டிக்கொள்ள மாட்டார். படத்திலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு படத்துக்கும் 'எதை எதோடு ஒப்பிட்டார்கள்' என்று ஒரு வரி எழுதுங்கள். நான் எல்லோருக்கும் சொல்லித்தருவது இது ஒன்றைத்தான்.

நீங்கள் கணினிப் பக்கம் போனாலும் ஒரு முறையாவது ஆயுள் சோதனை ஒன்றைக் கண்ணால் பாருங்கள், முடிந்தால் கையால் செய்யுங்கள். சி. எலிகன்ஸ் என்ற புழு ஒரு மில்லிமீட்டர் நீளம், 20 டிகிரியில் இரண்டு மூன்று வாரம் வாழும். ஒரு பயிற்சிக் காலத்துக்குள் பிறப்பிலிருந்து இறப்பு வரை பார்த்துவிடலாம் என்பதால் மாணவர்களுக்கு ஏற்ற உயிர். 1993-இல் சிந்தியா கென்யனின் குழு, டாஃப்-2 என்ற ஒரே ஒரு மரபணுவில் மாற்றம் இருந்தால் இந்தப் புழு இரண்டு மடங்குக்கு மேல் வாழ்கிறது என்று காட்டியது. முதுமை தேய்மானம் மட்டும்தான், அதை அசைக்க முடியாது என்று நம்பியவர்களை நிமிர்ந்து உட்கார வைத்த முடிவு. ஆனால் அந்த முடிவின் அடியில் இருக்கும் அன்றாட வேலை இதுதான்: பிளாட்டினக் கம்பியால் ஒவ்வொரு புழுவையும் மெதுவாகத் தொட வேண்டும், அசைந்தால் உயிர், அசையாவிட்டால் இறப்பு. முட்டையிடும் நாட்களில் பெரிய புழுக்களைப் புதுத் தட்டுக்கு மாற்ற வேண்டும், இல்லையென்றால் தாய் எது பிள்ளை எது என்று தெரியாது. சில புழுக்கள் தட்டின் சுவரில் ஏறிக் காய்ந்து போகும். அவற்றை இறந்தவை என்று எண்ணுவதா, கணக்கிலிருந்து பாதியில் விலகியவை என்று குறிப்பதா? பாதியில் விலகியவை என்றுதான் குறிக்க வேண்டும். புள்ளியியல் வகுப்பில் 'சென்சாரிங்' என்று வெறும் சொல்லாக இருந்தது தட்டின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியும்போது, அதற்கப்புறம் அந்தச் சொல் மறக்கவே மறக்காது.

இங்கேதான் வழிகாட்டி என்ற ஆள் ஏன் தேவை என்பதும் வருகிறது. அமெரிக்காவில் மூன்று ஆய்வகங்கள் சேர்ந்து, ஒரே மருந்தை ஒரே வகைப் புழுக்களுக்குக் கொடுத்து ஒரே முடிவு வருகிறதா என்று பார்க்கப் பல வருடம் உழைத்தன. 2017-இல் அந்த அனுபவத்தை வெளிப்படையாக எழுதினார்கள். முதலில் முடிவுகள் ஒத்துவரவில்லை. தோண்டிப் பார்த்தால், புழுவின் வயதை ஓர் ஆய்வகம் முட்டை பொரிந்த நேரத்திலிருந்தும் மற்றவர்கள் முட்டை இட்ட நேரத்திலிருந்தும் எண்ணியிருந்தார்கள். வருடக்கணக்கில் இதே தொழிலைச் செய்தவர்கள் அவர்கள். இப்படிப்பட்ட விஷயங்கள் கட்டுரையின் முறைப் பகுதியில் இருக்காது. கைவழியாக, ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் நின்றுதான் கடத்தப்படும். ஆராய்ச்சிச் சூழலில் வளர்ந்த பிள்ளைக்கு இதில் கொஞ்சம் வீட்டிலேயே கிடைத்திருக்கும். யாரிடம் எப்படிக் கேட்பது, எப்போது கதவைத் தட்டலாம் என்பதெல்லாம் அவருக்குச் சாப்பாட்டு மேசையிலேயே தெரிந்திருக்கும். உங்களுக்கும் அவருக்கும் இருக்கிற இடைவெளி பெரும்பாலும் இவ்வளவுதான். நல்ல பயிற்சித் திட்டம் அதைத் திறந்து சொல்லிக்கொடுக்கும்.

அதனால் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஆய்வகத்தின் பெயரைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது, வாராவாரம் உங்களோடு உட்காரப் போகிறவர் யார் என்பது. பெரும்பாலும் பேராசிரியர் உட்கார மாட்டார். ஒரு முனைவர் பட்ட மாணவரோ, முனைவர் பட்டம் முடித்த ஆய்வாளரோ உட்காருவார். அதில் தவறில்லை, சொல்லப்போனால் அவர்தான் பொருத்தமானவர், ஏனென்றால் குழம்பிய நாட்கள் அவருக்கு இன்னும் நினைவிருக்கும். ஆனால் பேராசிரியர் மாதத்துக்கு ஒரு முறையாவது உங்கள் தரவைப் பார்த்துப் பேச வேண்டும். நேர்முகத்தில் தைரியமாகக் கேளுங்கள்: "என் அன்றாட வழிகாட்டி யார்? அவரை நான் இப்போது சந்திக்கலாமா? எனக்கென்று தனிக் கேள்வி ஒன்று இருக்குமா, இல்லை எல்லோருக்கும் உதவியாளாக இருப்பேனா? இதற்கு முன் இங்கே பயிற்சி பெற்ற மாணவர்கள் இப்போது எங்கே?" இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் ஆய்வகத்துக்கு, எவ்வளவு பெரிய பெயர் இருந்தாலும், நான் என் மாணவரை அனுப்ப மாட்டேன். குடுவை கழுவிக் கொடுத்தே ஒரு கோடையைக் கழித்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். குடுவை கழுவலாம், எல்லோரும் கழுவுகிறோம். ஆனால் கோடை முடியும்போது "நான் இதைக் கேட்டேன், இது கிடைத்தது" என்று சொல்ல ஒரு வாக்கியம் கையில் இருக்க வேண்டும்.

தவறு நடக்கும். நான் மாணவனாக இருந்தபோது இரண்டு தட்டுகளின் லேபிளை மாற்றி ஒட்டிவிட்டேன். மூன்றாம் நாளே சந்தேகம் வந்தது, சொல்லவில்லை. சொன்னால் 'இவனையெல்லாம் ஏன் எடுத்தோம்' என்று நினைப்பார்களோ என்ற பயம். பதினான்காம் நாள்தான் சொன்னேன். அன்று என் வழிகாட்டி திட்டவில்லை. தன் பழைய குறிப்பேட்டைத் திறந்து, தான் முழு சோதனையையும் கெடுத்த பக்கத்தைக் காட்டினார். அப்புறம், "மூன்றாம் நாள் சொல்லியிருந்தால் பதினோரு நாள் மிச்சமாகியிருக்கும்" என்றார். அந்தப் பக்கத்தை அவர் எனக்கு முதல் நாளே காட்டியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அதனால் நான் என் மாணவர்களுக்கு முதல் நாளே என்னுடைய கெட்டுப்போன பக்கங்களைக் காட்டிவிடுகிறேன். இந்த இடத்துக்கு நாம் உரியவர்தானா என்ற சந்தேகத்தோடு வருகிறவர்கள்தான் தவறை அதிகம் மறைப்பார்கள். ஒரு தவறு போதும், வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று நினைப்பார்கள். அந்தப் பயத்தைக் கலைக்க வேண்டிய பொறுப்பு வழிகாட்டியுடையது, மாணவருடையது அல்ல.

எதிர்பார்த்தது வரவில்லை என்றாலும் சோர்ந்துவிடாதீர்கள். சர்-2.1 என்ற மரபணுவைக் கூட்டினால் புழுவின் ஆயுள் நீளும் என்று 2001-இல் ஒரு கட்டுரை வந்தது, துறையே அதன் பின்னால் ஓடியது. 2011-இல் இன்னொரு குழு, ஒப்பிடும் புழுக்களின் மற்ற மரபணுக்களையும் ஒன்றாக்கிவிட்டுப் பார்த்தபோது அந்த விளைவு கரைந்துபோனது. 'ஒன்றும் இல்லை' என்ற அந்த முடிவு பெரிய இதழில் வந்தது. ராபமைசின் என்ற மருந்தின் கதை இதற்கு நேர் எதிர்த் திசை. மருந்தை எலித் தீவனத்தில் கெடாமல் கலப்பதில் சிக்கல் வந்து தாமதமாகி, எலிகளுக்கு 600 நாள் வயதான பிறகுதான் கொடுக்க முடிந்தது. மனிதக் கணக்கில் ஏறக்குறைய அறுபது வயது. இனி என்ன பயன் என்று விட்டிருக்கலாம். விடவில்லை. 2009-இல் வெளியான முடிவு: நீண்டநாள் வாழும் எலிகளின் வயதெல்லை பெண் எலிகளில் 14 சதவீதமும் ஆண் எலிகளில் 9 சதவீதமும் நீண்டிருந்தது. வயதான பிறகு தொடங்கினாலும் பலன் உண்டு என்பது அந்தத் தாமதத்தால்தான் தெரிந்தது.

மதிப்பெண் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் மனதில் இருக்கும் என்று நினைக்கிறேன். கரோல் கிரைடரைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். குரோமோசோம் நுனிகளைக் காக்கும் டெலோமரேஸ் என்ற நொதியின் முதல் அடையாளத்தை 1984 கிறிஸ்துமஸ் நாளில், எலிசபெத் பிளாக்பர்னின் ஆய்வகத்தில் முனைவர் பட்ட மாணவியாகப் பார்த்தவர். 2009-இல் இருவரும் ஜாக் சோஸ்டாக்கும் நோபல் பரிசு பெற்றார்கள். கிரைடருக்கு எழுத்தறிதலில் குறைபாடு உண்டு, டிஸ்லெக்ஸியா என்பார்கள். மேல்படிப்புக்கான நுழைவுத் தேர்வு மதிப்பெண் குறைந்ததால், விண்ணப்பித்த பல்கலைக்கழகங்களில் இரண்டு மட்டும்தான் அவரை நேர்முகத்துக்கு அழைத்தன. அவர் கையில் அப்போது இருந்தது நல்ல பாட மதிப்பெண்களோடு, இளநிலை படிக்கும்போதே ஆய்வகங்களில் வேலை செய்த அனுபவமும், அங்கே அவரைப் பார்த்தவர்கள் எழுதிய கடிதங்களும். உங்களுக்கும் இந்தப் பயிற்சியில் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய பொருள் அப்படி ஒரு கடிதம்தான்: உங்கள் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்த ஒருவர், குறிப்பாக எழுதிய கடிதம்.

பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படாதீர்கள். உதவித்தொகை இல்லாத பயிற்சி, விடுமுறையில் சம்பாதித்தே ஆக வேண்டிய மாணவரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. அமெரிக்காவில் 1974-இல் தொடங்கிய தேசிய முதுமை ஆய்வு நிறுவனம், ஆராய்ச்சியில் குறைவாக இடம்பெற்ற சமூகங்களிலிருந்து இளநிலை மாணவர்களை முதுமை ஆய்வுக்குக் கொண்டுவரப் பல்கலைக்கழகங்களுக்கு நிதி கொடுத்திருக்கிறது. எங்கே இருந்தாலும், விண்ணப்பிக்கும் முன் உதவித்தொகை எவ்வளவு, எப்போது கைக்கு வரும், தங்குமிடம் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாதக் கடைசியில்தான் வரும் என்றால் முதல் மாதத்துக்கு முன்பணம் கேட்கலாம். பலர் கொடுப்பார்கள், கேட்பவர்கள்தான் குறைவு.

விண்ணப்பக் கட்டுரையில் 'சிறு வயதிலிருந்தே அறிவியலில் ஆர்வம்' என்று தொடங்காதீர்கள். பாட்டியிடம் நீங்கள் கவனித்த ஒரே ஒரு விஷயத்தை எழுதுங்கள்: எந்த மாத்திரையை ஏன் மறந்தார், எந்த நேரத்தில் தெளிவாக இருந்தார், மருத்துவர் கேட்காமல் விட்டது என்ன. அதிலிருந்து ஒரு கேள்வி எழுப்புங்கள். அதற்கு உங்களுக்குத் தெரிந்த நிரலாக்கத்தில் எது உதவும், எது இன்னும் கற்க வேண்டும் என்று நேர்மையாகச் சொல்லுங்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்பதை ஒரு வரியில் சொன்னால் போதும். பாட்டியின் பெயர், நோய் விவரம் போன்றவற்றை எழுதுவதாக இருந்தால், அவர் இருக்கிறார் என்றால் அவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். முதியவரிடம் ஒப்புதல் பெறுவதற்கான முதல் பயிற்சி அங்கேயே தொடங்கிவிடும்.

திட்டத்துக்கு வெளியேயும் இரண்டு மூன்று பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள். அவர்களுடைய கட்டுரை ஒன்றைப் படித்து, புரியாத ஒரு படத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் போதும், ஐந்தாறு வரிக்கு மேல் வேண்டாம். பதில் வரவில்லை என்றால் பத்து நாள் கழித்து அதே கடிதத்தின் கீழேயே இன்னொரு முறை எழுதுங்கள். எங்கள் தபால் பெட்டிகள் நிரம்பி வழிகின்றன; பதில் இல்லை என்பதை மறுப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டாவது முறையும் வராவிட்டால் அடுத்தவருக்கு எழுதுங்கள். எழுதி வைத்த கட்டுரையை யாரிடமாவது காட்ட வேண்டும் என்றால் இங்கேயே கீழே போடுங்கள், நான் படித்துச் சொல்கிறேன்.